பதினாலாம் பக்கம்

கரடிப்போக்குச் சந்தியில்
போன் திருத்துகிற கடைக்கு மேலே
ஒரு அறை, ஒரு மேசை,
காலொன்று ஆடுகிற பிளாஸ்ரிக் கதிரை.
இங்கிருந்துதான் வருகிறது 'அடுத்த கட்டம்'.
வீடியோ கேம் இதழ், நாற்பது பக்கம்.
இரண்டு மாதத்துக்கு ஒருக்கா என்று
முகப்பில் போட்டிருக்கிறோம்.
நம்புகிற ஆக்கள் நம்பட்டும்.

மூன்று பேர் நாங்கள்.
சுகிர்தன் படம் கீறுவான்.
பகலில் அவனுக்கு வேலை
லீசிங் கட்டாதவர்களின் மோட்டார்சைக்கிளைத் தூக்குவது.
கடைசிப் பக்க விளம்பரம்
அந்தக் கொம்பனி தந்ததுதான்.
ஜெனிற்றா விமர்சனம் எழுதுவாள்.
மிச்சமெல்லாம் நான்:
எழுத்துப்பிழை, கடன், பஸ்.

பஸ் என்றால்,
பரந்தனில் முல்லைத்தீவு பஸ்ஸை மறித்து
கொண்டக்டர் காண்டீபனிடம் கட்டைக் கொடுப்பது.
தருமபுரத்தில் பத்து, விசுவமடுவில் பதினைந்து,
புதுக்குடியிருப்பில் இருபது.
அடுத்த மாதம் அதே பஸ்ஸில்
முக்கால்வாசி திரும்பி வரும்,
கருவாட்டு மணத்தோடு.

ஆறாவது இதழ் மட்டும் வரவில்லை.
அட்டையில் பெரிய எழுத்தில்
'இன்னும் மூன்று உயிர் மிச்சம்' என்று இருக்கவேண்டும்.
உ நிற்கிற இடத்தில் ம நின்றது.
மூன்று நாளில் முடிந்தது.
ஒரு பள்ளிக்கூடத்தில் அதிபர் பறித்து வைத்த
பதினொரு பிரதியையும்
விற்றதாகவே கணக்கில் எழுதினேன்.

அச்சகம் திலகநாதனுடையது.
கலியாணக் கார்ட், ரசீதுப் புத்தகம்,
முப்பத்தோராம் நாள் கல்வெட்டு.
இடையில் மெசின் சும்மா நின்றால்
நாங்கள்.

ஒன்பதாவதுக்கு ஒரு யுத்தக் கேம்.
பெடியள் கேட்டுக் கேட்டு எழுதியது.
ஜெனிற்றா நாலு இரவு விளையாடினாள்,
கரண்ட் போன இரவையும் சேர்த்தால் ஐந்து.
நிழல் விழுகிற விதம், துவக்கு உதைக்கிற விதம்,
போன் சூடாகிற விதம் எல்லாம் எழுதிவிட்டு
கீழே எழுதியிருந்தாள்:

'பங்கருக்குள் ஓடினால் ஆள் தப்பிவிடுகிறான்.
மண் கொட்டுவதில்லை, தண்ணீர் ஊறுவதில்லை.
முதலே உள்ளே இருப்பவர்கள்
அரக்கி இருந்து இடம் தருவதில்லை.
செல் விழுகிற சத்தம் இருக்கிறது.
தூரத்தில் அது குத்துகிற சத்தமும்
இடையில் நாங்கள் எண்ணுகிற நேரமும் இல்லை.
மற்றும்படி விளையாடச் சுகம்.'

அதற்குக் கீழே பெட்டி. பத்துக்கு எத்தனை.
வெறும் பெட்டி.

மறந்திட்டியோ?
இல்லை.
அப்ப சைபரோ?
சைபரில்லை, நல்ல கேம்தான், என்றாள்.
ஒரு நம்பர் போடு ஜெனி,
பெடியள் அதைத்தான் முதல் பார்ப்பாங்கள்.
நீ போடு.

ஏழு போட்டேன். அழித்தேன்.
ஆறரை போட்டுப் பார்த்தேன்.
தேத்தண்ணி ஆறி, ஆடை படிந்து கிடந்தது.
திலகநாதன் எடுத்தார்:
பெட்டியொண்டு சும்மா கிடக்கு பிள்ளை,
பிளேட் போடவோ?
நான் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வட்டி வீதத்தில்
தசமப் புள்ளி சரியான இடத்தில் இருந்தது.
போடுங்கோ, என்றேன்.

இரண்டு கிழமை கழித்து
முள்ளியவளையிலிருந்து ஒரு பெடியன்.
அக்கா, பதினாலாம் பக்கத்தில
பெட்டிக்குள்ள நம்பர் விழேல்லை.
என்ர புத்தகத்தில மட்டுமோ?

எல்லாத்திலயும்தான் தம்பி.

அந்தப் பக்கம் ஒரு கோழி கத்தியது,
யாரோ அதைக் கலைத்தார்கள்.
அப்ப சரி, என்றான்.
எனக்கு மட்டும் பழுதானதைத்
தந்திட்டாங்களோ எண்டு நினைச்சன்.
அடுத்தது எப்ப வரும்?

திலகநாதனிடம் இரண்டு கல்வெட்டு நிற்கிறது.
அது முடிய, என்றேன்.